முதலில் வயதைச் சொல்லுங்கள்

குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருத்துவ உதவி எண்ணை அழைத்தால், மறுமுனையில் இருக்கும் நர்ஸ் காய்ச்சலைப் பற்றிப் பேசத் தொடங்கமாட்டார். "குழந்தைக்கு என்ன வயது?" என்பார். மாதக் கணக்கில் சொன்னால் வாரக் கணக்கில் கேட்பார். குறைமாதத்தில் பிறந்ததா என்பார். நள்ளிரவில், ஒரு கையில் தெர்மாமீட்டரும் தோளில் அனலாகக் கொதிக்கும் பிள்ளையுமாக நிற்பவருக்கு இது எரிச்சலூட்டும். எனக்கு ஊட்டியது. வீடு தீப்பற்றி எரிகிறது என்று சொல்பவரிடம் பட்டா எண் கேட்பது போல இருந்தது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், பாதி முடிவு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், எட்டிவிட்டால் மற்றக் கேள்விகளுக்கு அதிக வேலை இல்லை. உடனே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அந்த வயதில் ரத்தத்திலோ சிறுநீரிலோ மூளையைச் சுற்றியுள்ள உறையிலோ கிருமி தொற்றியிருந்தாலும், வெளியே தெரியும் ஒரே அடையாளம் காய்ச்சலாக இருக்கலாம். நான்கு வாரம் நிறையாத சிசு என்றால் மருத்துவமனையில் சேர்த்து, ரத்தம், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் வரை எடுத்துச் சோதிப்பது பல நாடுகளில் நடைமுறை. அதே 38 டிகிரி, வீடெல்லாம் ஓடித் திரியும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு என்றால் நர்ஸ் தெர்மாமீட்டரை ஒதுக்கிவிட்டு, தண்ணீர் குடிக்கிறானா, முகம் பார்த்துச் சிரிக்கிறானா என்று கேட்கத் தொடங்கிவிடுவார். ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளிடம் காய்ச்சலின் அளவை மட்டும் வைத்து நோயின் கடுமையை எடைபோடக் கூடாது என்பது இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு வகுத்த வழிகாட்டி நெறி. இன்னொன்று, நம்மில் பலர் கேள்விப்படாதது: பச்சிளம் குழந்தைக்குத் தொற்று ஏறும்போது உடல் சுடுவதற்குப் பதிலாகச் சில்லிட்டும் போகலாம். நெற்றியைத் தொட்டுப் பார்த்து "சூடு இல்லை" என்று நிம்மதி அடைவதற்கு அந்த வயதில் இடமில்லை.

இதையெல்லாம் நான் கற்றது இரண்டு வழிகளில். மகள் பிறந்த முதல் வருடத்தில் நானும் மனைவியும் இந்த எண்களை அழைத்து அழைத்துக் கேட்டது ஒன்று. இத்தகைய சேவை ஒன்றில் நர்ஸாகப் பல வருடங்கள் இரவுப் பணி பார்த்த தோழி ஒருவரிடம் பின்னர் உட்கார்ந்து பேசியது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து எனக்கு ஓர் எண்ணத்தைக் கொடுத்தன. பதில் கிடைக்கும் என்று நினைத்துத்தான் நாம் அழைக்கிறோம். அவர்களோ நம் கண்ணையும் கையையும் காதையும் சற்று நேரம் இரவல் கேட்கிறார்கள். நாம் அவற்றை எவ்வளவு ஒழுங்காகக் கொடுக்கிறோமோ அவ்வளவுதான் அந்த அழைப்பின் தரம். இந்தச் சேவைகளின் பலமும் பலவீனமும் அந்த ஓர் இடத்திலிருந்தே வருகின்றன.

கேள்விகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. நாம் சொல்லும் தொல்லை மூக்கொழுகலாக இருந்தாலும், அவர்கள் உயிரைப் பறிக்கக்கூடியதிலிருந்து தொடங்குவார்கள். மூச்சு எப்படி இருக்கிறது, உதடு நீலமாக இருக்கிறதா, எழுப்பினால் எழுகிறதா, உடம்பு துவண்டு கிடக்கிறதா, வலிப்பு வந்ததா. மிக மோசமானது ஒவ்வொன்றாகக் கழிந்த பிறகே மூக்கொழுகலுக்கு வருவார்கள். நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை இல்லை. இந்தக் குழந்தையை யார், எவ்வளவு நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வதே வேலை. இப்போதே ஆம்புலன்ஸ், உடனே அவசரப் பிரிவு, சில மணி நேரத்துக்குள் மருத்துவர், நாளை பார்த்தால் போதும், வீட்டிலேயே கவனிக்கலாம் என்று படிப்படியாக இறங்கும் ஏணி அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல அழைப்பு மையங்களில் நர்ஸ்களின் திரையில் ஓடும் கேள்விகள், பார்ட்டன் ஷ்மிட் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் எழுதத் தொடங்கிய நெறிமுறைகளின் வழி வந்தவை. "இது என்ன நோய்?" என்று நாம் கேட்கும்போது அவர்கள் நழுவுவது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர்கள் அங்கே உட்காரவில்லை.

மூச்சு பற்றிய கேள்வியை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மகளுக்கு அப்போது நான்கு மாதம். சளி. மூக்கில் கொரகொரவென்று சத்தம். பால் குடிக்கும்போது விட்டுவிட்டு அழுதாள். மூச்சுத் திணறுகிறது என்றுதான் நான் போனில் சொன்னேன். "சரி, சட்டையைக் கழற்றுங்கள். பெரிய விளக்கைப் போடுங்கள். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுக் குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள்" என்றார் அந்த நர்ஸ். விலா எலும்புக்குக் கீழே, ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் உள்ளே இழுக்கிறதா? கழுத்துக் குழி உள்வாங்குகிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா? மூச்சை விடும்போது முனகல் கேட்கிறதா? ஒவ்வொன்றுக்கும் குனிந்து பார்த்து, இல்லை, இல்லை என்றேன். அடுத்து, "வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. எண்ணுங்கள். நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

முழுதாக ஒரு நிமிடம். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் வேலை கைக்குழந்தைகளிடம் பலிக்காது. அவர்களின் மூச்சு சீராக ஓடுவதில்லை. சில வினாடிகள் வேகமாக ஓடும், பிறகு சில வினாடிகள் நின்றே போகும், மீண்டும் தொடங்கும். பத்து வினாடிக்குள் அடங்கும் இடைவெளி, மற்றபடி நன்றாக இருக்கும் சிசுவிடம் இயல்பானது. இருபது வினாடி வரை நீண்டால் அது ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேக மூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை அந்த எல்லை 50. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. எல்லாமே குழந்தை அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டியவை. அழும் குழந்தையை எண்ணிப் பயனில்லை.

எனக்கு நாற்பதைச் சற்றுத் தாண்டிய எண் வந்தது. எல்லைக்குள் இருந்தது. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, நிமிர்த்தி வைத்துக்கொள்வது, எதைக் கண்டால் உடனே புறப்பட வேண்டும் என்ற விவரம்: இவ்வளவுதான் அவர் கொடுத்தது. இவை எந்தக் குழந்தைநலப் புத்தகத்திலும் இருக்கின்றன. என்னை அமைதிப்படுத்தியது அந்த ஒரு நிமிடம். அதுவரை சத்தத்தைக் கேட்டுப் பயந்துகொண்டிருந்தவனுக்கு, பார்க்க வேண்டிய இடம் நெஞ்சு என்று தெரிந்தது. மூக்கின் சத்தம் பெரிதாக இருக்கலாம், நோய் சிறிதாக இருக்கலாம். சத்தமே இல்லாமல் விலா உள்வாங்கும் குழந்தைதான் தோழியின் பயம். "சத்தம் போடும் குழந்தையின் அப்பா உடனே அழைத்துவிடுவார். சத்தம் போடாத குழந்தையின் அப்பா காலையில் அழைப்பார்" என்றார் அவர்.

நிறம் பற்றிய கேள்வி இன்னொரு வகைச் சிக்கல். "வெளுத்திருக்கிறதா, நீலம் பாரித்திருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா" என்று கேட்கும் வினாக்கள் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாநிறமோ கருநிறமோ உள்ள குழந்தையின் கன்னத்தைப் பார்த்து அவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. நாக்கு, ஈறு, உதட்டின் உட்புறம் ஆகியவற்றில்தான் நீலம் தெரியும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வெளுப்பு தெரியும். கண்ணின் வெண்பகுதியிலும் ஈறிலும் மஞ்சள் தெரியும். நல்ல நர்ஸ் இந்த இடங்களைச் சொல்லியே கேட்பார். சொல்லாவிட்டால் நாமே அங்கே பார்த்துச் சொல்ல வேண்டும். "நிறம் சாதாரணமாகத்தான் இருக்கிறது" என்பது தோல் நிறத்தைப் பற்றிய பதிலாகிவிட்டால், அந்தக் கேள்வி வீண்.

தொலைபேசியும் குழந்தை வைத்தியமும் கூட்டுச் சேர்ந்த கதை தொலைபேசியின் வயதளவு பழையது. 1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றார். 1879 நவம்பரில் லண்டனின் லான்செட் மருத்துவ இதழ், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சேதியைக் கொஞ்சம் கேலியாக வெளியிட்டது. நள்ளிரவில் ஒரு வீட்டில் குழந்தைக்கு இருமல். குரல்வளை வீங்கி மூச்சை அடைக்கும் குரூப் நோய் என்று பயந்துபோன தாய், தொலைபேசியில் பாட்டியை எழுப்புகிறாள். பாட்டி மருத்துவரை எழுப்புகிறார். குழந்தையைத் தூக்கிக் கருவிக்கு அருகே பிடிக்கச் சொல்லி, இருமலைக் காதால் கேட்ட மருத்துவர், "இது குரூப் இல்லை" என்று சொல்லிவிடுகிறார். அவரும் தூங்கப் போனார், பாட்டியையும் தூங்கச் சொன்னார். வேடிக்கையாகத் தோன்றினாலும் அந்தக் காலத்தில் குரூப் என்ற பெயருக்குள் தொண்டை அடைப்பான் நோயும் சேர்ந்திருந்தது. அந்த இரவு அவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்காது. இன்றும் நாய் குரைப்பது போன்ற அந்த இருமலை, போன் வழியாகக் கேட்டே நர்ஸ்கள் அடையாளம் காண்கிறார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் சேர்ந்து வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள்.

கேட்பவர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்து ஒரு கசப்பான உதாரணம். அங்கே 1998இல் மூன்று பகுதிகளில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய என்.எச்.எஸ். டைரக்ட் என்ற அரசு மருத்துவ ஆலோசனைத் தொலைபேசிச் சேவையில் போனை எடுத்து மதிப்பிட்டவர்கள் நர்ஸ்கள். 2014 மார்ச்சில் அது மூடப்பட்டு, 111 என்ற எண் அதன் இடத்துக்கு வந்தது. இங்கே முதலில் பேசுபவர் மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர். திரையில் வரும் கேள்விகளைக் கேட்டுப் பதில்களைப் பதிவு செய்வார். தேவைப்பட்டால் நர்ஸிடமோ மருத்துவரிடமோ மாற்றுவார். செலவும் காத்திருப்பும் குறையும் என்பது ஏற்பாட்டின் நியாயம். 2014 டிசம்பரில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று செப்சிஸ் என்ற கடுமையான தொற்றுப் பாதிப்பால் இறந்துபோனது. இறப்பதற்கு முன் பல மருத்துவர்களும் பார்த்திருந்தார்கள், 111க்கும் பெற்றோர் அழைத்திருந்தார்கள். 2016 ஜனவரியில் வெளியான விசாரணை அறிக்கை, பிழைகளைப் பல இடங்களில் கண்டது. அவற்றில் ஒன்று, அந்தக் கணினி வினாத்தொகுப்புக்குச் செப்சிஸின் அபாய அறிகுறிகளைப் பிடிக்கும் நுணுக்கம் போதவில்லை என்பது. கடைசி அழைப்பை மருத்துவம் தெரிந்த ஒருவர் எடுத்திருந்தால், பின்னால் கேட்ட அழுகையே வேதனையில் இருக்கும் குழந்தையின் அழுகை என்று அநேகமாகக் கண்டுகொண்டிருப்பார் என்றும் அது சொன்னது.

1879இல் மருத்துவர் குழந்தையைப் போன் அருகே கொண்டுவரச் சொன்னார். 2014இல் அழுகை தானாகவே கம்பி வழியே போய்ச் சேர்ந்தும் அதற்கான கட்டம் திரையில் இல்லை. வினாத்தாளே கூடாது என்று நான் சொல்லவில்லை. வினாத்தாள் இல்லாத நர்ஸும் அதிகாலை மூன்று மணிக்குக் களைப்பில் ஒரு கேள்வியை விட்டுவிடுவார். ஆனால் பேச முடியாத நோயாளியின் பொருட்டு வரும் அழைப்பில், வினாத்தாளுக்கு வெளியே இருப்பதைக் கேட்கத் தெரிந்த காது ஒன்று வேண்டும். கைக்குழந்தைகளுக்கு என்று தனி வழி ஏற்படுத்திய நாடுகளைப் பார்த்து எனக்குப் பொறாமை வருவது இதனால்தான். ஜப்பானில் 2004இல் தொடங்கிய #8000 என்ற எண், இரவிலும் விடுமுறை நாளிலும் குழந்தை நோயுற்றால் நர்ஸோ குழந்தை மருத்துவரோ பேசுவதற்காகவே இருக்கிறது. நியூசிலாந்தில், 1907இல் தோன்றிய பிளங்கெட் என்ற குழந்தைநல அமைப்பின் நர்ஸ்கள் போனில் கிடைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தாய்சேய் நல நர்ஸ்களே எடுக்கும் 24 மணி நேர எண் இருக்கிறது. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 811 பொதுவான எண், குழந்தைக்கும் அதுவே.

"எதற்கெடுத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறார்கள், இதற்கு எதற்குப் போன்?" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். பார்க்க முடியாதவர் சந்தேகத்தின் பலனை நோய்க்குக் கொடுப்பார், வீட்டுக்குக் கொடுக்கமாட்டார். வீணாகப் போய் வந்த பத்துப் பேரின் சலிப்பையும், போகாமல் இருந்துவிட்ட ஒருவரின் இழப்பையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதால் இந்த நெறிமுறைகள் வேண்டுமென்றே அந்தப் பக்கம் சாய்த்து எழுதப்பட்டிருக்கின்றன. எனக்கு இதில் குறை இல்லை. குறை வேறு இடத்தில். ஏன் போகச் சொல்கிறோம் என்பதைச் சில சேவைகள் சொல்வதே இல்லை. "பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடலில் அடைப்பு இருக்கலாம், அதனால் உடனே போங்கள்" என்று ஒரு வரி சொன்னால் பெற்றோர் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடுவார்கள். "அவசரப் பிரிவுக்குச் செல்லவும்" என்று மட்டும் சொன்னால், அதையே எல்லோருக்கும் சொல்கிறார்கள் என்று நினைத்து விடியட்டும் என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

அழுகைக்கு வருகிறேன். இந்த எண்களுக்கு வரும் அழைப்புகளில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, நோயே இல்லாத குழந்தையைப் பற்றிய அழைப்பு. குழந்தை பால் குடித்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, ஆனால் மாலையிலிருந்து அழுகை நிற்கவில்லை. பிறந்து இரண்டாம் வாரம் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அழுகை ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வருகிறது. மூன்று, நான்கு மாதத்தில் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. 1962இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன், தாய்மார்களைக் குறிப்பேடு எழுதச் சொல்லி வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வாரத்தில் ஆரோக்கியமான குழந்தைகளே நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் அழுதிருந்தன. இதற்கு மருந்து இல்லை. வயிற்று வலி என்று பெயர் வைத்து எதையாவது கொடுக்கச் சொல்லும் சுற்றத்தார் நிறைய இருப்பார்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம் என்பது அவர்கள் காதில் ஏறாது.

இத்தகைய அழைப்பில் நர்ஸ் முதலில் குழந்தையை வழக்கம்போல் விசாரிப்பார். அது கழிந்ததும் கேள்வி திசை மாறும். "நீங்கள் கடைசியாக எப்போது தூங்கினீர்கள்? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? குழந்தையை உலுக்கிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா?" கடைசிக் கேள்வியைக் கேட்டதும் பலர் கோபப்படுவார்கள் என்று தோழி சொன்னார். சிலர் பேசாமல் இருப்பார்களாம். சிலர் அழுவார்களாம். கேட்காமல் விட முடியாது. கைக்குழந்தையை ஆவேசத்தில் சில வினாடிகள் உலுக்கினாலே மூளையில் ரத்தம் கசிந்து, பார்வையோ உயிரோ போகலாம். அதனால் அவர்கள் சொல்லும் ஆலோசனை கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும்: குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போங்கள். சில நிமிடங்கள் கழித்துத் திரும்பிப் பாருங்கள். தொட்டிலில் தனியே அழும் குழந்தைக்கு அந்தச் சில நிமிடங்களில் ஒன்றும் ஆகாது. நெறிமுறைத் திரையில் இதற்கும் ஒரு பக்கம் இருக்கிறதாம். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டும் குரல் எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அழுகை அழைப்புகளுக்கு நேரம் அதிகம் பிடிக்கும். அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடித்தீர்கள் என்று கணக்குப் பார்க்கும் நிர்வாகங்களுக்கு அவை பிடிக்காது. அந்தக் கணக்கு தவறு என்றே நான் நினைக்கிறேன்.

போனில் பேசுபவர் குழந்தையின் அருகில் இருக்க வேண்டும். இதை எழுதவே வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் அலுவலகத்திலிருந்து அப்பா அழைப்பதும், வீட்டில் அம்மா குழந்தையுடன் இருப்பதும், கேள்விக்குக் கேள்வி "ஒரு நிமிடம், கேட்டுச் சொல்கிறேன்" என்பதும் அன்றாடம் நடக்கிறதாம். இரண்டு வாய் மாறி வரும்போது "பால் குடிக்கவே இல்லை" என்பது "சரியாகக் குடிக்கவில்லை" என்று ஆகிவிடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஏணியின் இரண்டு படிகள் இருக்கின்றன. பின்னாலிருந்து பாட்டி சொல்லும் திருத்தங்களை மட்டும் தோழி குறை சொல்லவில்லை. "மூன்று முறை வாந்தி என்று அம்மா சொல்வார். எதுக்களித்ததையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று பின்னாலிருந்து பாட்டி குரல் கொடுப்பார். பாட்டிகளால் எனக்கு நிறைய வேலை மிச்சம்" என்று சிரித்தார்.

அழைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை. குழந்தையின் எடை, காய்ச்சல் எந்த முறையில் எப்போது பார்த்தது, கடைசியாக எத்தனை மணிக்கு டயபர் நனைந்தது, கொடுத்த மருந்துகளின் பாட்டில்கள். பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம். பாராசிட்டமாலை எடைக்கு ஏற்பத்தான் கொடுக்க வேண்டும். வழக்கமான அளவு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆனால் கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தின் செறிவும் சிரப்பின் செறிவும் பல நாடுகளில் வேறு வேறு. "ஒரு மூடி கொடுத்தேன்" என்றால் நர்ஸால் ஒன்றும் கணக்கிட முடியாது. இந்தக் குழப்பத்தால் அளவு தவறுவது வாடிக்கையாகிப்போய்த்தான், 2011இல் அமெரிக்காவில் உற்பத்தியாளர்கள் குழந்தைகளுக்கான திரவப் பாராசிட்டமாலை 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே செறிவுக்கு மாற்ற முன்வந்தார்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், மருத்துவர் சொல்லாமல் அதைக் கொடுத்துச் சூட்டைத் தணித்துவிட்டு அழைப்பதும் சரியில்லை; பார்க்க வேண்டிய அடையாளத்தையே நாம் அழித்தவர்களாவோம்.

வேற்று மொழி நாட்டில் குழந்தை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுவலகத்தில் சரளமாகப் பேசும் மொழி, பிள்ளை துவண்டு கிடக்கும்போது நாக்கில் வராது. இங்கிலாந்தின் 111இலும் ஆஸ்திரேலியாவின் சேவைகளிலும் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்கும்படி கேட்கலாம்; தமிழுக்கும் கிடைக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு வீண் இல்லை. ஆனால் குழந்தை மூச்சு விடவில்லை, உதடு நீலமாகிவிட்டது, எழுப்ப முடியவில்லை, வலிப்பு நிற்கவில்லை என்றால் ஆலோசனை எண்ணே வேண்டாம். நேராக ஆம்புலன்ஸ் எண்.

காணொளி அழைப்பு வந்துவிட்ட பிறகு குரல் மட்டும் உள்ள சேவை எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. தடிப்பையும் விலா இழுப்பையும் காட்டப் படம் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் மங்கிய விளக்கில், ஆடும் கேமராவில் தெரியும் நிறத்தை நம்புவது குரலை நம்புவதைவிட ஆபத்தானது. தடிப்பின் மேல் கண்ணாடி டம்ளரை அழுத்தி, அது மறைகிறதா மறையவில்லையா என்று பார்ப்பதற்குத் திரை வேண்டியதில்லை. டம்ளரும் அதைப் பிடிக்கும் கையும் போதும். அழுத்தியும் மறையாத தடிப்பு, அதுவும் காய்ச்சலோடு சேர்ந்து வந்தால், மூளையுறைத் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். பார்த்தவுடன் புறப்பட வேண்டியதுதான்.

பெற்றோர் பெரும்பாலும் சொல்லத் தயங்கும் ஒன்று அவர்களுடைய பயத்தின் பெயர். "பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்தது, அதுவாக இருக்குமோ என்று பயப்படுகிறேன்" என்று சொல்லிவிட்டால் நர்ஸ் அதை நோக்கியே கேட்பார், அதற்குரிய அறிகுறிகளைச் சோதிக்கச் சொல்வார். சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருந்தால், எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லி முடித்த பிறகும் பயம் அங்கேயே இருக்கும். பெற்றோரின் கவலையை அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இன்று மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பெற்றோர் உணர்ந்து சொன்னால் அதை ஏற்று மதிக்க வேண்டும் என்று, முன்னே சொன்ன நைஸ் நெறியிலேயே இருக்கிறது. "காரணம் சொல்லத் தெரியவில்லை, ஆனால் இவள் வழக்கம்போல இல்லை" என்பது போனில் சொல்லத்தக்க வாக்கியம்.

போனை வைக்கும் முன், எந்த மாற்றம் வந்தால் எவ்வளவு நேரத்துக்குள் மீண்டும் அழைக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். "மோசமானால் கூப்பிடுங்கள்" என்பது போதாது. மோசம் என்றால் என்ன என்று கேட்கலாம், அவர்கள் சொல்வார்கள். மீண்டும் அழைக்க வேண்டி வந்தால் பலர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேசுகிறார்கள், நானும் அந்த வகைதான். உண்மையில் மறு அழைப்பு அவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தின் 111 சேவையில் நான்கு நாட்களுக்குள் மூன்றாம் முறை அழைப்பவரை மருத்துவரே மதிப்பிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதனால் எடுத்த எடுப்பில் "இது எங்கள் இரண்டாவது அழைப்பு; அப்போது பால் குடித்தாள், இப்போது குடிக்கவில்லை" என்று தொடங்குவது நல்லது. அதற்குப் பிறகும் அவர் வயதைத்தான் கேட்பார். சொல்லிவிடுங்கள், வாரக் கணக்கில்.